இப்போதைக்குப் போட்ட குரல்

பாளையங்கோட்டையில் ரயில் பாலத்தைத் தாண்டி ஓர் இல்லம் இருக்கிறது. கையோ காலோ கண்ணோ நாக்கோ, ஏதாவது ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காமல் போனவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடுவது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு திரை இருக்கும். தன் பெயரில் உள்ளே போனால் தனக்கு வேண்டிய ஏற்பாடு தன் திரையில் வந்து நிற்கும். ஒருவருக்குப் பெரிய எழுத்து. ஒருவருக்குக் கண்ணசைவில் நகரும் அம்பு. அடுத்தவருடையது யாருக்கும் குறுக்கே வராது.

அந்தக் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டவர் செண்பகவல்லி டீச்சர். வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் அவர் காதில் வாசித்துச் சொல்லும். அந்த வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

அவரிடம் வேலை பழக வந்தவர் ஐகோர்ட்துரை. எங்கள் பக்கத்துச் சாமியின் பெயர்தான் அது, வெளியூர்க்காரர்கள்தான் சிரிப்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்து, மூடிவிட்டு இங்கே வந்தவர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் இவரை டீச்சர் என்பார். இருவரும் பேசிக்கொண்டு வரும்போது யார் குரு என்று கேட்டால் வெளியாள் தப்பாகத்தான் சொல்வான்.

ஒரு நாள் துரை கேட்டார்.

"டீச்சர், ஒருத்தருக்கு ஒரு பேக்கேஜ், அதான் ஒரு புரோகிராம் வேணும்னா ஒரு கமாண்டு அடிச்சா வந்துருது. ஒரு நிமிஷ வேலை. நீங்க எதுக்கு ஆளுக்கொரு ஃபைலு வச்சு, அதுல இன்னின்னது வேணும்னு எழுதி, அப்புறமா மெஷினை அதை வாசிக்கச் சொல்லுதிய?"

"என் பேரை அழிங்க அண்ணாச்சி."

"என்னது?"

"இந்த மெஷின்ல எம் பேருல உள்ளது அம்புட்டையும் அழிச்சிருங்க. என் ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கிடுங்க."

துரை தயங்கினார். டீச்சர் காத்திருந்தார். துரை அழித்தார்.

டீச்சரின் காதில் ஓடிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. அவர் ஒரு விசையைத் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதற்கும் ஒன்றுமில்லை. அவ்வளவு நேரம் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது இப்போது அவருக்கு முன்னால் ஒரு பலகையாகக் கிடந்தது.

"போதும் டீச்சர், திரும்பப் போட்டுருதேன்."

"இருங்க. டீயைக் குடிச்சுக்கிடுதேன்."

ஆற அமரக் குடித்தார். துரை பென்டிரைவைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"இப்ப அந்த ஃபைலை வாசிக்கச் சொல்லுங்க."

ஒரே ஒரு கமாண்டு. மெஷின் தன்பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. கொஞ்ச நேரத்தில் அதே குரல் அதே வேகத்தில் காதில் ஓட ஆரம்பித்தது. தப்பாகத் தட்டினால் 'ஊஹூம்' என்று சொல்லும்படி டீச்சர் வேடிக்கையாக ஒன்று செய்து வைத்திருந்தார். அதுகூடத் திரும்பி வந்துவிட்டது.

"எல்லாம் வந்துட்டுதே!"

"எழுதினது வந்துருக்கு."

"எழுதாதது?"

"எழுதாதது எப்பவுமே இல்லை அண்ணாச்சி. இருக்க மாதிரி இருக்கும்."

துரை தலையாட்டினார். டீச்சருக்குத் தலையாட்டுவது தெரியாது என்று ஞாபகம் வந்து, "சரி டீச்சர்" என்றார்.

இல்லத்தில் தங்கபுஷ்பம் என்று ஓர் அம்மா இருந்தார். தசை கரைந்துகொண்டே போகும் வியாதி. முதலில் கை போனது, பிறகு கால். அடுத்தது நாக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கணவர் கோயில்பிள்ளை வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் காவல் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். ஆனால் சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். தங்கபுஷ்பம் "இந்தாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கொஞ்சம் கரகரத்த குரல். கடைசி எழுத்தை மட்டும் லேசாக இழுப்பார்.

நாக்கு போவதற்கு முன்னால் அந்தக் குரலைப் பிடித்து வைக்கவேண்டும் என்று துரைதான் முதலில் சொன்னார். மைக்கை வைத்து அவரைப் பேசச் சொன்னார். குழம்பு வைக்கிற பக்குவம், சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு வரிகள், பஸ் போகிற ஊர்ப் பெயர்கள், கணவனைத் திட்டுகிற வார்த்தைகள் என்று கிடைத்ததையெல்லாம் சொல்லவைத்துச் சேர்த்தார். இடையிடையே நாக்கு குழறும். அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் உட்காருவார்கள். சேர்த்த துண்டுகளிலிருந்து துரை ஒரு குரலைக் கட்டினார். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் தங்கபுஷ்பம் சொல்வது மாதிரியே சொல்லும். அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குரல் தயாரான அன்றைக்கு டீச்சர் பயிற்சிக்காக மதுரை போயிருந்தார். அதற்குள் தங்கபுஷ்பத்தின் நாக்கு அடங்கிவிட்டிருந்தது. கன்னத்தில் ஒட்டிய ஒரு சின்ன ஸ்விட்சை அசைத்து, திரையில் ஓடும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் பேசவேண்டும். கோயில்பிள்ளை கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குரலை முறையாக ஃபைலில் எழுதிச் சேர்ப்பதென்றால் அதை ஒரு பேக்கேஜாகக் கட்டவேண்டும். பாதி நாள் பிடிக்கும்.

"இப்போதைக்குக் கையால போட்டுவைப்போம்" என்று துரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு கமாண்டு அடித்தார். குரல் தங்கபுஷ்பத்தின் பெயரில் போய் உட்கார்ந்தது.

போன் வந்தது. தங்கபுஷ்பம் கன்னத்தை அசைத்தார். ஸ்பீக்கரில், "இந்தாருங்க, சாப்ட்டியளா?" என்று அவர் குரலே கேட்டது, கடைசி எழுத்து இழுத்தபடி.

அந்தப் பக்கம் உப்பளத்தில் கோயில்பிள்ளை வாய்விட்டு அழுதார். இந்தப் பக்கம் துரையும் அழுதார். தங்கபுஷ்பம் மட்டும், "எதுக்கு ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிய" என்று தன் குரலில் திட்டினார்.

டீச்சர் மதுரையிலிருந்து வந்ததும் கேட்டார்.

"குரலை ஃபைல்ல எழுதியாச்சா அண்ணாச்சி?"

"இப்போதைக்குக் கையால போட்டிருக்கேன் டீச்சர். எழுதிருதேன்."

"எழுதுங்க."

இப்போதைக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஆயுசு கெட்டி. இப்போதைக்கு என்று போட்ட தகரக் கொட்டகையில்தான் நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அதே கொட்டகையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

துரை எழுதவில்லை. சோம்பேறி என்று சொல்ல முடியாது. வேலை வந்துகொண்டே இருந்தது, குரல் பேசிக்கொண்டே இருந்தது. பேசுகிற ஒன்றை மறுபடியும் எழுதி வைக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பதிவு செய்த மெமரி கார்டை இல்லத்துக் கிறிஸ்துமஸ் விழாவைப் படம் பிடிக்க எடுத்தார். அதிலிருந்ததை அழித்தார். குரல்தான் மெஷினில் இருக்கிறதே என்று நினைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் மெஷின் மெதுவாக ஓட ஆரம்பித்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத்து திரையில் வந்து நிற்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

டீச்சர் மேல்மாடியில் பிரெயில் வகுப்பில் இருந்தார். அவருக்குச் சிரமம் கொடுக்கவேண்டாம் என்று துரை தானே உட்கார்ந்தார். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லோருடைய ஃபைலையும் மெஷினைப் புதிதாக வாசிக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் எழுதியிருப்பது மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் கழன்றுவிடும். இடம் சுத்தமாகும்.

அதற்கு மேலும் ஒரு வேலை இருந்தது. ஏற்பாடு மாறும்போதெல்லாம் முந்தைய ஏற்பாட்டை மெஷின் தூக்கிப்போடாமல் பின்னால் வைத்திருக்கும். அதற்குத் தலைமுறை என்று பெயர். ஏதாவது தப்பானால் முந்தைய தலைமுறைக்குத் திரும்பிப் போய்விடலாம். இடத்தை அடைப்பது அந்தப் பழைய தலைமுறைகள்தான். துரை அவற்றையும் அழித்து, குப்பையையும் கூட்டச் சொன்னார்.

டிஸ்க்கில் பாதி காலியானது. திரைகள் பளிச்சென்று ஓடின. வகுப்பு முடிந்து இறங்கிய டீச்சரிடம், "சுத்தம் பண்ணிட்டேன் டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"பழைய தலைமுறையையுமா?"

"ஆமா. அதுதானே இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துது."

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. கேட்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. துரைதான் எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தலையணை பக்கத்தில் வைத்தார். வெளியே மழை. தங்கபுஷ்பம் கன்னத்தை அசைத்து அசைத்து எழுத்துகளைப் பிடித்தார்.

"இந்தாருங்க" என்றது மெஷின்.

அது யாரோ ஒரு வாலிபனின் குரல். குரல் என்று ஒரு வரியும் எழுதாத இடத்தில் மெஷின் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் குரல். கடைசி எழுத்தில் இழுப்பு இல்லை.

"யாருடே அது?" என்றார் கோயில்பிள்ளை. "தங்கத்துகிட்டக் குடு."

தங்கபுஷ்பத்தின் கண் பெரிதானது. கன்னம் அசைந்தது.

"நான்தான்" என்றான் வாலிபன்.

"யாருன்னு கேக்கேன்லா. எம் பொண்டாட்டி போன்ல நீ எதுக்குப் பேசுத? துரையண்ணாச்சி இல்லையா அங்க?"

"நான்தான்" என்றான் மறுபடியும். "நான்தான். நான்தான்."

சொல்வதற்கே மனசு கூசுகிறது. அந்த அம்மாவுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதைச் சொல்லச் சொல்ல அவர் அவராக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

துரை போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் துரை. அது... அவியதான் பேசுதாவ."

பிறகு கோயில்பிள்ளை, "எங்க போனா?" என்று கேட்டார்.

துரை போனைக் காதிலிருந்து எடுத்தார். திரும்பிப் பார்த்தால் தங்கபுஷ்பம் கண்ணை மூடியிருந்தார். கண்ணீர் கன்னத்து ஸ்விட்சின் மேல் வழிந்தது. துடைக்க அவரால் முடியாது. துரை துடைத்தார்.

பிறகு டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், பழைய தலைமுறைக்குத் திரும்பணும்."

"யாரு பேருல?"

"தங்கபுஷ்பம்மா."

டீச்சர் விசைகளைத் தட்டினார். காதில் ஓடியதைக் கேட்டார்.

"ஒண்ணுதான் இருக்கு."

"முந்தினது?"

"அதைத்தான் காலைல அழிச்சிட்டிய."

"குப்பையிலேர்ந்து எடுக்க முடியாதா?"

"கூட்டியாச்சு. அந்த இடத்துல வேற எழுதியும் ஆச்சு." டீச்சர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ரெக்கார்டு பண்ணின கார்டு?"

துரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி?"

"கிறிஸ்துமஸுக்குப் படம் எடுத்துட்டேன்."

டீச்சர் மேஜைமேல் கையை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எழுதியாச்சான்னு கேட்டேன்" என்றார். "எழுதியிருக்கான்னு வாசிச்சுப் பாக்கலை. அதுல எனக்கும் பங்கு உண்டு."

"நான் சொன்னதை நம்பினிய டீச்சர்."

"நம்புறதுக்காடா... நம்புறதுக்கா அண்ணாச்சி நாம ஃபைல் எழுதுதோம்?"

ஒருமையில் வந்த வார்த்தையை அவர் பாதியில் திருத்திக்கொண்டார். துரைக்கு அந்த ஒருமையே சரியென்று பட்டது.

அதற்குப் பிறகு துரை தேடாத இடமில்லை. பழைய போன்கள், பழைய பென்டிரைவ்கள், மூடிய கடையிலிருந்து கொண்டுவந்த டப்பா கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கிண்டினார். கோயில்பிள்ளையிடம் இருந்தது பட்டன் போன். பேசியது எதுவும் அதில் தங்கவில்லை. ஓர் ஒலிப்பதிவில் மட்டும் தங்கபுஷ்பம் தும்முவது கேட்டது. துரை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வேறு குரல்கள் கிடைத்தன. ஒரு பெண் குரலை எடுத்து, சுருதியைக் குறைத்து, கொஞ்சம் கரகரப்பு சேர்த்து, தங்கபுஷ்பத்துக்குக் கேட்கப் போட்டார். "இந்தாருங்க" என்றது அது. தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அடையாளம் அது.

கோயில்பிள்ளை அதன் பிறகும் கூப்பிட்டார். துரை எடுத்து, அவர் கேட்பதற்கு இவர் பதில் சொல்வார். "சாப்ட்டாளா?" "சாப்ட்டாவ." "தூங்குதாளா?" "தூங்குதாவ." போன் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒரு நாள் துரை டீச்சரிடம் வந்து நின்றார்.

"தங்கபுஷ்பம்மா ஃபைல்ல குரலுக்கு ஒரு வரி எழுதணும் டீச்சர். என்ன எழுத?"

"என்கிட்டயா கேக்குதிய?"

"நீங்கதானே சொல்லித்தருவிய."

"எப்படி எழுதணும்னு சொல்லித்தருவேன். என்ன எழுதணும்னு அவியதான் சொல்லணும். அவிய பேருல உள்ள ஃபைலுல்லா?"

துரை போனார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தார்.

"அம்மா, குரல் வச்சுத் தரணும். எந்தக் குரல் வேணும்னு நீங்களே சொல்லிருங்க. இப்போ..."

இப்போதைக்கு என்று வந்த சொல்லை அவர் பாதியில் விட்டுவிட்டார். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னம் அசைந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து சேர்ந்தன.

குரல் வேண்டாம்.

"அவிய கூப்பிடும்போது என்னம்மா செய்ய?"

கன்னம் ரொம்ப நேரம் அசைந்தது.

அவுக பேசட்டும். நான் கேட்டுக்கிடுதேன்.

துரை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னொரு வார்த்தை வரும், தனக்கென்று ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து டீச்சரிடம் சொன்னார்.

"குரலே வேண்டாம்னுட்டாவ."

"சரி."

"அப்ப எழுத ஒண்ணும் இல்லை. ஃபைலு இருக்கபடியே இருக்கட்டும்."

"வரி இல்லாட்டா மெஷின் என்ன பண்ணும் அண்ணாச்சி?"

துரைக்கு உறைத்தது. "அந்தப் பையன் குரலைப் போட்டுரும்."

"உக்காருங்க."

துரை உட்கார்ந்தார். தங்கபுஷ்பத்தின் ஃபைலைத் திறந்தார். பெரிய எழுத்து என்று ஒரு வரி இருந்தது. கன்னத்து ஸ்விட்ச் என்று ஒரு வரி. கறுப்புப் பின்னணி என்று ஒரு வரி. எல்லாம் டீச்சர் எழுதியது. அதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னன்னு எழுத?"

"குரல் இல்லைன்னு எழுதுங்க."

துரையின் விரல் விசைமேல் நின்றது. கோயில்பிள்ளை கூப்பிடுகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"மெஷினுக்குச் சரி டீச்சர். அதுக்கு வேற வழி ஏதாவது பண்ணிக்கிடலாம். இல்லைங்கிறதை எம் கையால எதுக்கு எழுதணும்?"

டீச்சர் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எழுதாம விட்டா, எழுத விட்டுப்போச்சுன்னு மெஷின் நெனைக்கும். நாளைக்கு நாமளும் அப்படித்தான் நெனைப்போம், அண்ணாச்சி."